சைப்பிரஸ் மீண்டும் ஒன்றாகுமா? புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில், துருக்கிக்குத் தெற்கே இருக்கிறது சைப்பிரஸ் தீவு. பரப்பளவு 9,251 சதுர கிலோமீட்டர். அதன் குறுக்கே, கிழக்கிலிருந்து மேற்காக, சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்குத் தெற்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் கிரேக்க மொழி பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். வடக்கே இருப்பவர்கள் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள். நடுவில் ஐ.நா. அமைதிப்படை நிற்கிறது. தலைநகர் நிகோசியாவையும் அந்தக் கோடு இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது.

இந்தத் தீவை ஒன்றுசேர்க்க அரை நூற்றாண்டாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது. "பேச்சு மீண்டும் தொடங்கியது", "பேச்சு முறிந்தது" என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தி வரும். அப்போதெல்லாம் ஏன் முறிந்தது என்பது மட்டும் புரியாது. புரிந்துகொள்ள ஒரு திறவுகோல் இருக்கிறது. சிக்கல் எந்த ஆண்டில் தொடங்கியது என்று ஒரு கிரேக்க சைப்பிரியரைக் கேளுங்கள். 1974 என்பார். துருக்கிய சைப்பிரியரைக் கேளுங்கள். 1963 என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். அவரவர் எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறார்களோ, அதை வைத்துத்தான் "மீண்டும் ஒன்றாவது" என்றால் என்ன என்பதையும் முடிவு செய்கிறார்கள்.

இரு தரப்பும் கேட்காத குடியரசு

ஆட்டோமான் துருக்கியர் 1571இல் தீவைப் பிடித்தார்கள். 1878இல் நிர்வாகம் பிரிட்டன் கைக்குப் போனது. 1950களில் கிரேக்க சைப்பிரியர்கள் பிரிட்டனை எதிர்த்துக் கிளம்பியபோது அவர்கள் கேட்டது தனி நாடு கூட அல்ல, கிரேக்க நாட்டோடு இணைப்பு. அதற்கு எனோசிஸ் என்று பெயர். எயோக்கா என்ற இயக்கம் 1955இல் அதற்காக ஆயுதம் ஏந்தியது. துருக்கிய சைப்பிரியர்களோ, கிரேக்கத்தோடு இணைந்தால் தங்கள் கதி என்ன என்று பயந்து, தக்சிம், அதாவது பிரிவினை, வேண்டும் என்றார்கள்.

கடைசியில் கிடைத்தது இரண்டும் இல்லை. 1960 ஆகஸ்டில் சைப்பிரஸ் குடியரசு பிறந்தது. அப்போது மக்கள்தொகை 5 லட்சத்து 73 ஆயிரம். நூற்றுக்கு 77 பேர் கிரேக்க சைப்பிரியர், 18 பேர் துருக்கிய சைப்பிரியர். அரசியல் சட்டம் இப்படிப் பங்கு பிரித்தது: குடியரசுத் தலைவர் கிரேக்க சைப்பிரியர், துணைத் தலைவர் துருக்கிய சைப்பிரியர். முக்கிய விஷயங்களில் இருவருக்கும் வீட்டோ, அதாவது முடிவைத் தடுக்கும் உரிமை, உண்டு. நாடாளுமன்றத்தில் 35 இடம் ஒருவருக்கு, 15 இடம் மற்றவருக்கு. அரசு வேலையில் 70க்கு 30. படையில் 60க்கு 40. இந்த ஏற்பாட்டைக் காப்பாற்ற பிரிட்டன், கிரேக்கம், துருக்கி மூன்றும் உத்தரவாத நாடுகளாகக் கையெழுத்திட்டன. பிரிட்டன் அக்ரோதிரி, தெகெலியா என்ற இரண்டு ராணுவத் தளங்களைத் தனக்கே வைத்துக்கொண்டது. இன்றும் அவை பிரிட்டனின் நிலம்தான்.

18 சதவீதம் பேருக்கு 30 சதவீதம் வேலையா என்று பெரும்பான்மையினர் புழுங்கினார்கள். எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு என்றார்கள் மற்றவர்கள். வரிச் சட்டம், நகராட்சி, படை என்று ஒவ்வொன்றிலும் முட்டுக்கட்டை விழுந்தது. 1963 நவம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர், பேராயர் மக்காரியோஸ், 13 திருத்தங்களை முன்வைத்தார். வீட்டோவை நீக்குவதும் அதில் ஒன்று. டிசம்பரில் நிகோசியாவில் துப்பாக்கி வெடித்தது.

அந்த டிசம்பரின் கடைசி நாட்களில் பீட்டர் யங் என்ற பிரிட்டிஷ் தளபதி, வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் நகரின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். சண்டையை நிறுத்த அன்றைக்குச் செய்த அவசர ஏற்பாடு அது. இன்று முழுக் கோட்டுக்கும் பச்சைக் கோடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. தீவு பிரிந்தது 1974இல் என்று நினைப்பவர்கள் இந்தக் கோட்டின் வயதை ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்த மாதங்களில் சுமார் 25,000 துருக்கிய சைப்பிரியர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். பத்தாண்டுகளை ஒட்டி, தீவின் மிகச் சிறிய பகுதிகளுக்குள், சுற்றிவளைக்கப்பட்ட குடியிருப்புகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். அரசாங்கத்திலிருந்தும் வெளியேறினார்கள். விரட்டப்பட்டோம் என்பது அவர்கள் சொல்வது, தாங்களாகவே விலகிப் போனார்கள் என்பது எதிர்த்தரப்பு சொல்வது. ஆனால் 1964 மார்ச்சில் ஐ.நா. அமைதிப்படையை அனுப்பியபோது, எஞ்சியிருந்த அரசையே சைப்பிரஸ் அரசு என்று ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் சொந்தமான குடியரசு ஒருவர் கைக்குப் போய்விட்டது என்ற துருக்கிய சைப்பிரியரின் மனக்குறை அங்கே தொடங்குகிறது. (அந்த அமைதிப்படையின் முதல் தளபதியும், அவருக்குப் பின் வந்த தளபதியும் இந்தியர்கள். இரண்டாமவரான ஜெனரல் திம்மையா 1965இல் பணியில் இருக்கும்போதே சைப்பிரஸில் காலமானார்.)

1974

அப்போது ஏதென்ஸில் ராணுவ ஆட்சி. அதன் தூண்டுதலில் 1974 ஜூலை 15 அன்று மக்காரியோஸைக் கவிழ்க்கப் புரட்சி நடந்தது. எனோசிஸ் இனி வந்துவிடும் என்ற நிலை. ஐந்தாம் நாள், ஜூலை 20 அன்று, உத்தரவாத உரிமையைக் காட்டித் துருக்கிப் படை வடக்குக் கரையில் இறங்கியது. ஏதென்ஸ் ராணுவ ஆட்சி சில நாட்களில் கவிழ்ந்தது. புரட்சி தோற்றது. அதோடு படை திரும்பியிருந்தால் உலகம் அதை வேறு மாதிரி எழுதியிருக்கும். ஆகஸ்ட் 14 அன்று இரண்டாம் தாக்குதல் தொடங்கியது. முடிவில் தீவின் 36 சதவீதத்துக்கும் மேல் துருக்கி வசமானது.

ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்பிரியர்கள் தெற்கே ஓடினார்கள். சுமார் ஐம்பதாயிரம் துருக்கிய சைப்பிரியர்கள் வடக்கே போனார்கள். கலந்து வாழ்ந்த தீவு ஓராண்டுக்குள் இரண்டு தனித்தனித் தீவுகள் போல ஆயிற்று. 1983இல் வடக்கு தன்னைத் தனிக் குடியரசாக அறிவித்துக்கொண்டது. துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அதை அங்கீகரிக்கவில்லை.

"ஒன்றாவது" என்றால் என்ன?

கோட்டை அழித்துவிட்டு 1960க்குத் திரும்புவது என்று நினைத்துவிடக் கூடாது. அதை யாரும் கேட்கவில்லை. 1977இல் மக்காரியோஸும் துருக்கிய சைப்பிரியத் தலைவர் ரவூஃப் தெங்க்தாஷும் ஒப்புக்கொண்ட அடிப்படை வேறு: இரு பகுதிகள், இரு சமூகங்கள், ஒரே கூட்டாட்சி. வடக்கில் ஒரு மாநிலம், தெற்கில் ஒரு மாநிலம். மேலே ஒரு மத்திய அரசு. உலக அரங்கில் ஒரே நாடு, ஒரே குடியுரிமை. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் இன்றுவரை இதையே திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறது.

இதற்கு மாற்றாகப் பேசப்படுவது இரு நாடுகள் தீர்வு. இரண்டு இறையாண்மை நாடுகள் அக்கம்பக்கமாக இருந்து ஒத்துழைக்கலாம் என்பது. 2020க்குப் பிறகு துருக்கி இதைத்தான் சொல்கிறது. கிரேக்க சைப்பிரியர்களுக்கு இது படையெடுப்புக்குப் பட்டா எழுதிக் கொடுப்பதாகத் தெரிகிறது. நானும் அப்படித்தான் பார்க்கிறேன். அதே சமயம், ஐம்பது ஆண்டுகள் உலகத்தோடு சேராமல், அஞ்சலும் விமானமும் துருக்கி வழியாகவே வந்துபோகிற ஒரு சமூகம் இப்படி ஒரு கோரிக்கைக்குத் தள்ளப்பட்டது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும்.

கூட்டாட்சி என்று ஒப்புக்கொண்டாலும் உள்ளே மூன்று முடிச்சுகள் இருக்கின்றன.

முதல் முடிச்சு, அதிகாரம். அரசியல் சமத்துவம் என்று ஐ.நா. சொல்வது, ஆளுக்குப் பாதி என்பது அல்ல. மத்திய அரசின் முடிவுகளில் இரு சமூகமும் பயனுள்ள வகையில் பங்கேற்க வேண்டும் என்பதுதான். நடைமுறையில் இது இரண்டு விஷயங்களாகச் சுருங்கும். ஒன்று, குடியரசுத் தலைவர் பதவி சுழற்சி முறையில் துருக்கிய சைப்பிரியருக்கும் வருமா? இரண்டு, அமைச்சரவையில் ஒரு முடிவு நிறைவேற, குறைந்தது ஒரு துருக்கிய சைப்பிரிய அமைச்சராவது ஆதரித்து வாக்களித்திருக்க வேண்டுமா? 1963ஐ மறக்காதவருக்கு இரண்டும் இல்லாமல் ஒப்பந்தமே இல்லை. மற்றவருக்கு, 1960இன் முட்டுக்கட்டைகளே திரும்பி வருவதாகத் தோன்றுகிறது.

இரண்டாம் முடிச்சு, பாதுகாப்பு. வடக்கில் துருக்கிப் படையினர் முப்பதாயிரத்துக்கும் மேல் இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு படைவீரன் கூட இருக்கக் கூடாது, உத்தரவாத உரிமையும் ரத்தாக வேண்டும் என்பது கிரேக்க சைப்பிரியர் நிலை. 1974இல் எந்த உரிமையைக் காட்டி உள்ளே வந்தார்களோ அதே உரிமையை மறுபடி எழுதிக் கொடுப்பதா என்று கேட்கிறார்கள். 1963இல் எங்களைக் காக்க யார் வந்தார்கள் என்பது வடக்கின் எதிர்க்கேள்வி. ஒருவரைக் காக்கும் என்று நம்பப்படும் அதே படைதான் அடுத்தவருக்கு அச்சுறுத்தல்.

மூன்றாவது, வீடும் நிலமும். இதில்தான் விஷயம் சாதாரணக் குடும்பங்களைத் தொடுகிறது. வடபகுதியின் மேற்கே மோர்ஃபு என்று ஓர் ஊர், ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. 1974இல் அங்கிருந்த கிரேக்க சைப்பிரியர்கள் கிளம்பினார்கள். அந்தக் காலி வீடுகளில் குடியேற்றப்பட்டவர்களில் பலர் தெற்கே பாஃபோஸ் பகுதியிலிருந்து வந்த துருக்கிய சைப்பிரியர்கள். அவர்கள் பாஃபோஸில் விட்டுவந்த வீடுகளில் வடக்கிலிருந்து ஓடிவந்த கிரேக்க சைப்பிரியர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். சமரசத் திட்டங்களில் பெரும்பாலும் மோர்ஃபு கிரேக்க சைப்பிரியர் நிர்வாகத்துக்குத் திரும்பும் என்றுதான் வரும். அது நியாயமாகவே தெரிகிறது. ஆனால் 1964இல் ஒருமுறை கிராமத்தை விட்டு ஓடி, 1974இல் இரண்டாம் முறை ஓடி, மோர்ஃபுவில் ஐம்பது ஆண்டுகளாகத் தோட்டம் வைத்துப் பிள்ளைகளை வளர்த்த குடும்பத்திடம் மூன்றாம் முறை மூட்டை கட்டு என்று சொல்ல வேண்டிவரும். கிராமத்துச் சாவியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் கிரேக்க சைப்பிரியக் குடும்பத்திடம் பணத்தை வாங்கிக்கொண்டு மறந்துவிடு என்று சொல்வதும் அதே அளவு கொடுமைதான். ஒப்பந்த வரைவுகளில் இதெல்லாம் "சொத்து விவகாரம்" என்ற ஒரு தலைப்புக்குள் அடங்கிவிடுகிறது.

நீதிமன்றங்களும் இதில் நுழைந்தன. வடக்குக் கரையில் உள்ள கைரேனியாவில் நிலத்தை இழந்த ஒரு கிரேக்க சைப்பிரியப் பெண் தொடுத்த வழக்கில், அந்த நிலத்தின் உரிமையாளர் இன்னும் அவரேதான் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. துருக்கி இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு வடக்கில் ஒரு சொத்து ஆணையம் அமைத்தார்கள். இழப்பீடோ, மாற்று நிலமோ, சில நேரம் அதே நிலமோ கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம். 2010இல் அதே நீதிமன்றம், முதலில் அந்த ஆணையத்துக்குப் போங்கள் என்றது. இதற்கிடையே வடக்கின் கரையோரம் முழுக்கக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. அவற்றில் நிறைய, பத்திரப்படி கிரேக்க சைப்பிரியர் நிலத்தில் நிற்கின்றன. அப்படிக் கட்டி விற்றவர்கள் மீது தெற்கில் அண்மையில் கைதும் வழக்கும் நடக்கின்றன.

துருக்கியிலிருந்து வந்து குடியேறியவர்கள், எல்லை எங்கே போகும், தீவைச் சுற்றிய கடலடி எரிவாயு யாருக்கு என்ற கேள்விகளும் உண்டு. அவை எல்லாம் இந்த மூன்றோடு பின்னிக் கிடப்பவை. எதையும் தனியாக அவிழ்க்க முடியாது.

இரண்டு முறை கைக்கெட்டியது

2004 ஏப்ரல் 24 அன்று, ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பெயரால் அறியப்பட்ட திட்டம் இரு பக்கமும் ஒரே நாளில் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. துருக்கிய சைப்பிரியர்களில் 65 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். கிரேக்க சைப்பிரியர்களில் 76 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். படை முழுதாகப் போகாது, உத்தரவாதம் தொடரும், வீடு திரும்புவதற்கு வரம்பு உண்டு என்று காரணங்கள் இருந்தன. இன்னொன்றும் இருந்தது. ஒன்றுசேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒரு வாரத்தில், மே 1 அன்று, சைப்பிரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது உறுதியாகியிருந்தது. இல்லை என்று சொல்வதால் எந்த நஷ்டமும் இல்லாத நிலை. ஆம் என்று சொன்னவர்கள் வெளியே நின்றார்கள். சட்டப்படி முழுத் தீவும் ஒன்றியத்தில் இருக்கிறது, வடக்கில் மட்டும் ஒன்றியத்தின் சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. துருக்கிய சைப்பிரியர்கள் எண்ணத் தொடங்கும் இன்னொரு ஆண்டாக 2004 ஆகிவிட்டது.

இரண்டாவது வாய்ப்பு 2017. கிரேக்க சைப்பிரியத் தலைவர் நிகோஸ் அனஸ்தாசியாதிஸ், துருக்கிய சைப்பிரியத் தலைவர் முஸ்தஃபா அக்கின்ஜி இருவரும் லிமசோல் பகுதியில் பிறந்தவர்கள். அந்த ஜனவரியில் இரு தரப்பும் எல்லை வரைபடங்களையே மேசைமேல் வைத்தன. அதற்கு முன் நடக்காத ஒன்று. ஜூலையில் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொந்தானாவில், உத்தரவாத நாடுகளும் உட்கார்ந்திருக்க, படையும் உத்தரவாதமும் என்ற இடத்தில் பேச்சு நள்ளிரவு தாண்டி முறிந்தது. யாரால் முறிந்தது என்று இரு தரப்பும் இன்னும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கின்றன.

ஏற்கெனவே ஒன்றாக நடப்பவை

நிகோசியாவின் கழிவுநீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் நகரம் பிரிந்தபோது சாக்கடை வேலை பாதியில் நின்றது. சுத்திகரிப்பு நிலையம் வடக்கே மியா மிலியாவில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். தெற்கு மேயர் லெல்லோஸ் தெமெத்ரியாதிஸும் வடக்கு மேயர் அக்கின்ஜியும் (பின்னாளில் கிரான்ஸ்-மொந்தானா போன அதே அக்கின்ஜி) 1978இல் சந்தித்துப் பேசி வேலையை முடிக்க ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் அரசை மற்றவர் அரசு அங்கீகரிக்காத காலத்தில், இரு பக்கக் கழிவுநீரும் ஒரே குழாய் வலைக்குள் போயிற்று. இன்றும் போகிறது.

காணாமல்போனவர்கள் இன்னொன்று. அதிகாரபூர்வப் பட்டியலில் 2,002 பேர்: 1,510 கிரேக்க சைப்பிரியர், 492 துருக்கிய சைப்பிரியர். 1963க்கும் 1974க்கும் இடையில் தொலைந்தவர்கள். நிகோசியாவின் மூடப்பட்ட விமான நிலைய வளாகத்தில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. இரு சமூகத்து இளைஞர்களும் சேர்ந்து, தோண்டி எடுத்த எலும்புகளை மேசையில் வரிசையாக அடுக்கி, மரபணு ஒப்பிட்டு, யாருடையது என்று கண்டுபிடிக்கிறார்கள். பிறகு குடும்பத்தாரை அழைத்துக் காட்டி ஒப்படைக்கிறார்கள். யார் கொன்றது என்று அவர்கள் சொல்வதில்லை, அது அந்தக் குழுவின் பொறுப்பில் இல்லை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடையாளம் காணப்பட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், எந்த உச்சி மாநாட்டையும்விட இந்த ஆய்வகம் தீவுக்கு அதிகம் செய்திருக்கிறது.

கோட்டைக் கடப்பதும் 2003 முதல் முடியும். நிகோசியாவின் கடைவீதியான லெட்ரா தெரு 2008இல் திறந்தது. ஒரு பக்கச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி, சில கெஜம் நடந்து, அடுத்த சாவடியில் மறுபடி காட்டினால் யூரோ லிராவாக மாறிவிடும். வடக்கிலிருந்து வேலைக்கும், தெற்கிலிருந்து பெட்ரோல் போடவும் தினமும் ஆட்கள் கடக்கிறார்கள். கடந்து போனவர்கள் சாயங்காலம் வீடு திரும்பிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. கோடு பழகிவிட்டது. தாங்கிக்கொள்ள முடிகிற நிலைமைதான் தீர்வுக்குப் பெரிய எதிரி என்று எனக்குத் தோன்றுகிறது. 1974க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஒன்றாக இருந்த தீவு நினைவிலேயே இல்லை.

இப்போது எங்கே நிற்கிறது?

2025 அக்டோபர் 19 அன்று வடக்கில் தேர்தல். இரு நாடுகள் தீர்வை ஆதரித்த எர்சின் தத்தாரைத் தோற்கடித்து, கூட்டாட்சியை ஆதரிக்கும் துஃபான் எர்ஹுர்மான் ஏறக்குறைய 63 சதவீத வாக்குகளோடு வென்றார். துருக்கியின் ஆளும் கூட்டணியில் உள்ள தேசியவாதத் தலைவர் தெவ்லெத் பாஹ்செலி, இந்த முடிவை ஏற்காமல் வடக்கு துருக்கியோடு சேர வேண்டும் என்கிற அளவுக்குப் போனார். அந்தச் சிறிய சமூகம் தன் குரலை இன்னும் இழக்கவில்லை என்பதற்கு அந்த எதிர்ப்பே சாட்சி. தெற்கின் தலைவர் நிகோஸ் கிறிஸ்தோதுலிதிஸ், கிரான்ஸ்-மொந்தானாவில் விட்ட இடத்திலிருந்து தொடரத் தயார் என்கிறார். அடுத்த மாதமே இருவரும் சந்தித்தார்கள். ஐ.நா. தூதர் மரியா ஆங்கெலா ஒல்கின் இடையில் போய்வருகிறார்.

எர்ஹுர்மான் நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறார். சுழற்சித் தலைமை உட்பட அரசியல் சமத்துவத்தை முதலிலேயே ஏற்க வேண்டும். பேச்சுக்குக் காலக்கெடு வேண்டும். முன்பு ஒப்புக்கொண்டவற்றை மறுபடி கிளறக் கூடாது. கிரேக்க சைப்பிரியத் தரப்பு விலகிப் பேச்சு முறிந்தால், துருக்கிய சைப்பிரியர்கள் பழைய தனிமைக்கே திரும்பக் கூடாது. நான்காவது நிபந்தனையில் 2004இன் காயம் அப்படியே தெரிகிறது. ஏற்பதற்கும் அதுதான் கடினம், ஏனென்றால் வடக்குக்கு அங்கீகாரம் கிடைத்துவிடுமோ என்பது தெற்கின் நெடுநாள் பயம்.

வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தீவு ஒன்றாகும் என்று நான் நம்பவில்லை. இரு நாடுகள் என்ற பேச்சைத் துருக்கி அதிபர் எர்துவான் கைவிடவில்லை. படையும் உத்தரவாதமும் நிகோசியாவில் முடிவாகிற விஷயங்கள் அல்ல, துருக்கியின் தலைநகர் அங்காராவில் முடிவாகிறவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தையும் பாதுகாப்புத் திட்டங்களும் துருக்கிக்கு எவ்வளவு தேவைப்படுகின்றனவோ, அந்த அளவுக்குத்தான் அங்காரா இளகும். தெற்கிலும் அதிகாரத்தைப் பகிர்வது என்றால் என்னவென்று தன் மக்களிடம் நேராகச் சொல்லத் துணிந்த தலைவர்கள் குறைவு. ஆனாலும் இது செத்துப்போன கனவு அல்ல. எல்லா முடிச்சுக்கும் ஒப்பந்த வரைவில் சொற்கள் தயாராக இருக்கின்றன. 65 சதவீதம் பேர் ஒருமுறை ஆம் என்று வாக்களித்த பக்கத்தில், கூட்டாட்சி வேண்டும் என்றவர் மறுபடி வென்றிருக்கிறார்.

இனி செய்திகளில் கவனிக்க வேண்டியது பெரிய மாநாடுகளைவிட, கோட்டைக் கடக்கும் பாதைகளைத்தான். துருக்கிய சைப்பிரியர்கள் மியா மிலியாவில் ஒன்று திறக்கக் கேட்கிறார்கள், வடக்கு நிகோசியாவின் நெரிசல் குறைய. கிரேக்க சைப்பிரியர்கள் தங்கள் ஊரான அதியேனுவிலிருந்து தலைநகருக்குக் குறுக்குப்பாதை கேட்கிறார்கள். புதிய பாதைகளைத் திறப்பதென்று 2025 மார்ச்சில் ஜெனிவாவில் கொள்கையளவில் முடிவானது. ஆனால் எது முதலில், எந்தச் சாலையில் எத்தனை மீட்டர் யார் நிலத்தின் வழியே போகும் என்பதில் பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. அந்தப் பாதைகள் திறந்தன என்று செய்தி வந்தால், யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று தேடிப் படியுங்கள். சாலையின் சில நூறு மீட்டரை விட்டுக்கொடுக்க முடிந்தவர்களால்தான் மோர்ஃபுவைப் பற்றிப் பேச முடியும்.